ஆமாம்பட்டியில் வயரை அறிமுகம் செய்துவைத்த கதை

ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றிரண்டு மண்டூகம் என்றுதான் கடவுள் கணக்குப் போட்டிருந்தார். பங்கு பிரிக்கிற அன்றைக்கு மூட்டை அவிழ்ந்து மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. அந்த இடத்துக்குப் பேர் ஆமாம்பட்டி.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. ஊர் எல்லைக்குள் வெளியாள் யார் வந்தாலும், உள்ளூர் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, "இவர் இன்னார், இன்னார் மகன், இன்னார் பேரன்" என்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். வந்தவர் தலையில் கட்டியிருப்பதை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் அவர் ஆமாம்பட்டிக் கண்ணுக்கு இல்லை. எதிரே நின்று இருமினாலும் இல்லை. காலை மிதித்தாலும் இல்லை.

தபால்காரர் அந்தோணிராஜ் பதினோரு வருஷமாகத் தினமும் சைக்கிளில் அந்த ஊருக்கு வருகிறார். ஒருத்தர்கூட அவரைப் பார்த்ததில்லை. அறிமுகம் செய்துவைக்க ஆள் கிடைக்கவில்லை, பாவம். கடிதங்கள் மழை மாதிரி அதுவாக வந்து விழுகின்றன என்று ஊர் நம்புகிறது. "இந்த வருஷம் கடிதம் நல்ல விளைச்சல்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

அப்படி ஒருநாள் சடையன் வீட்டு வாசலில் ஒரு கடிதம் விழுந்தது.

சடையனுக்கு முப்பத்து மூன்று வயது. பதினோரு வரன் தட்டிப்போயிருந்தது. கடைசியாகப் பெண் பார்க்கப் போன வெளியூரில், பெண்ணின் அப்பா, "கூச்சப்படாதீங்க தம்பி, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். சடையன் அப்படியே நினைத்துக்கொண்டான். நினைத்த அடுத்த நிமிஷம் அவரைப் பார்த்து, "யாருங்க நீங்க? என் வீட்டுக்குள்ள என்ன வேலை?" என்று கேட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான்.

இப்போது பன்னிரண்டாவது வரன். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது: 'எங்கள் பெண் வேம்புவுக்கு உங்கள் ஜாதகம் பொருந்துகிறது. பெண்ணின் தாய்மாமன் சங்கிலிமுத்து சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் சொல்வதுதான் முடிவு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளையைப் பார்ப்பார். ஐந்து மணிக்கு அவர் வேலைக்குப் போய்விடுவார். அதற்குள் பார்க்க முடியாவிட்டால் புளியங்காட்டு வரனையே முடித்துவிடுவோம்.'

ஆமாம்பட்டியில் செல்போனில் குரல் வரும், படம் வராது. படம் வேண்டுமென்றால் ஊராட்சி அலுவலகத்து லேப்டாப்தான் கதி. அங்கே சுவரில் ஒரு நெட் பெட்டி இருக்கிறது. வெளியூர் ஆள் ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போனது. ஊருக்குத் தெரிந்தவரை அது சுவரில் முளைத்தது.

கிளார்க் கோமதிநாயகம் ஞாயிறு காலை மாமியார் ஊருக்கு பஸ் ஏறும் அவசரத்தில் சாவியைக் கொடுத்தார்.

"லேப்டாப்பை ஆன் பண்ணி எல்லாம் தயாரா வெச்சிருக்கேன். இந்தாங்க புது வயர். ஒரு முனையைப் பெட்டியில மாட்டுங்க, இன்னொரு முனையை லேப்டாப்புல மாட்டுங்க. சிங்கப்பூர்லேர்ந்து கூப்பிட்டா எண்டர் பொத்தானை அமுக்குங்க. மத்தபடி எதையும் கையால தொட்டுடாதீங்க. புரிஞ்சுதா?"

"ஆமாம்" என்றார்கள். அந்த ஊரில் எதற்கும் அதுதான் பதில்.

மூன்றரை மணிக்கு நாலு பேர் உள்ளே நுழைந்தார்கள். முதலில் சடையன், கையில் மாற்றுச் சட்டை வைத்த சூட்கேஸோடு. அவனுக்குப் பின்னால் தாய்மாமன் நல்லகுட்டி. ஊருக்கே புத்தி சொல்பவர், ஊர் அப்படி ஆனதற்கு அவரும் ஒரு காரணம். அப்புறம் கூட்டாளிகள் பிச்சாண்டியும் எட்டியப்பனும். எட்டியப்பன் கையில் ஒரு நீளமான முருங்கைக்காய்.

"அது எதுக்குடா?"

"கையால தொடக்கூடாதுன்னாரே மாமா. எண்டரை எதால அமுக்கறது?"

"அறிவாளிடா நீ" என்றார் நல்லகுட்டி. நிஜமாகவே சொன்னார்.

புது வயரின் ஒரு முனை சும்மா இருந்தது. இன்னொரு முனைக்கு மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. பிச்சாண்டி அதைக் கழற்றப் போனான்.

"டேய்! கிளார்க் உறையைக் கழட்டச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்ப தொடாதே."

சும்மா இருந்த முனை பெட்டிக்குப் போனது. உறை போட்ட முனையை உறையோடு லேப்டாப்புக்குள் திணித்தார்கள். திரையில் ஒரு வரி வந்தது. பிச்சாண்டி எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டி வாசித்தான்: "வயர் எதுவும் இணைக்கப்படவில்லை."

நாலு பேரும் வயரைப் பார்த்தார்கள். வயர் இருந்தது. திரையைப் பார்த்தார்கள். இல்லை என்றது.

"இருக்கிறதை இல்லைங்குதே மாமா!" என்று சடையன் அலறினான். மணி நாலு.

பெட்டியில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்கள். முகம் தெரியாத வெறும் குரலுக்கு அறிமுகம் தேவையில்லை. முகத்தோடு வரும் குரலுக்குத்தான் ஊர்முறை. 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்றது ஒரு குரல்.

"தமிழுக்குன்னு கேக்குறாங்கடா. உட்கார்ந்துக்கிட்டா அமுக்குவே? எழுந்து நில்லு!" என்றார் நல்லகுட்டி. பிச்சாண்டி எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அமுக்கினான்.

"வணக்கம் சார், நான் ஸ்டெல்லா பேசறேன், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று தேன் தடவிய குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னார்கள்.

"ஓகே சார். வயரோட ரெண்டு முனையையும் கழட்டி, திரும்ப நல்லா அழுத்தி மாட்டுங்க சார்."

கழற்றினார்கள். இப்போது ஒரு சிக்கல். முனை இரண்டு, லேப்டாப்பில் ஓட்டை ஒன்று. பெட்டியிலோ நாலு ஓட்டை. இடம் தாராளமாக இருக்கிற பக்கம்தான் நியாயம் என்று நல்லகுட்டி தீர்ப்புச் சொன்னார். இரண்டு முனையையும் பெட்டியிலேயே மாட்டினார்கள்.

"மாட்டியாச்சு மேடம். கச்சிதமா உக்காந்திருக்கு."

"பெட்டியில லைட் எரியுதா சார்?"

"கோயில் கொடைத் திருவிழா மாதிரி எரியுது மேடம்."

"லேப்டாப்ல இன்னும் வயர் இல்லைன்னுதான் காட்டுதா?"

"ஆமாம் மேடம். இப்ப அது சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

ஸ்டெல்லாவுக்கு அது எப்படி என்று புரியப் பத்து நிமிஷம் ஆனது. மறுபடி ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே. உறை பத்திரமாக அதன் இடத்திலேயே இருந்தது. மணி நாலு இருபது.

"சார், வேற லேப்டாப் இருந்தா அதுல இதே வயரைப் போட்டுப் பாருங்க. அதுலயும் வரலைன்னா வயர்லதான் கோளாறுன்னு தெரிஞ்சிடும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு நாலு பேரும் ஆலோசித்தார்கள்.

"நம்ம ஊர்ல வேற ஏது மாமா?" என்றான் சடையன்.

"லேப்டாப்புன்னா என்னடா? தட்டையா இருக்கும். நடுவுல மடங்கும். திறக்கலாம், மூடலாம், கைல தூக்கிட்டுப் போகலாம்."

எல்லோருடைய கண்ணும் சூட்கேஸ் மேல் போனது.

சட்டையை எடுத்துவிட்டு, சூட்கேஸைத் திறந்து, வயரின் முனையை உள்ளே வைத்துக் காத்திருந்தார்கள். எட்டியப்பன் முருங்கைக்காயால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

"போட்டாச்சு மேடம்."

"அதுல நெட் வருதா சார்?"

"துளிகூட வரலை மேடம்."

"அப்ப சந்தேகமே இல்லை சார். வயர்லதான் கோளாறு."

"நான்கூட லேப்டாப்பை அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்" என்றான் எட்டியப்பன், மனசு உருகி.

"புது வயரோட ரெண்டு நாள்ல ஆள் வருவாங்க சார்."

"எங்க ஊருக்கு இதுவரைக்கும் ஆளே வந்ததில்லையே மேடம்" என்றார் நல்லகுட்டி. போன் தானாகக் கட் ஆனது.

மணி நாலு முப்பத்தைந்து. சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு நாள்ல புளியங்காட்டான் தாலியே கட்டிருவான் மாமா. எனக்கு இனிமே யாரு பொண்ணு குடுப்பா? இந்த முருங்கைக்காயைக் கட்டிக்க வேண்டியதுதான்."

"அது என்னோடது" என்றான் எட்டியப்பன்.

நல்லகுட்டி மீசையைத் தடவினார். அவர் மீசையைத் தடவினால் ஊரில் ஏதாவது நடக்கும்.

"டேய், நல்லா யோசிங்க. முன்பின் தெரியாத ஒருத்தன் நம்ம முன்னால வந்து நின்னா நமக்குத் தெரியுமா?"

"எப்படி மாமா தெரியும்? அறிமுகம் ஆகலையே!"

"இந்த லேப்டாப் எந்த ஊரு?"

"நம்ம ஊரு."

"வயரு?"

"வெளியூரு. புதுசு." பிச்சாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மாமா! நாம யாருமே வயரை அறிமுகம் செஞ்சு வைக்கலை! மொட்டையா உள்ள தள்ளிட்டோம்!"

"பாவம் லேப்டாப்பு. நாலு பேர் இடிச்சும் தன் முறையை விடலை பாரு. நம்ம ஊரு ரத்தம்டா அது."

வயரை மரியாதையாகக் கழற்றி, சடையனின் சட்டையை விரித்து அதன்மேல் வைத்தார்கள். நல்லகுட்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, இவர் பேரு வயர். இவங்க அப்பா சுவத்துல இருக்கிற பெட்டி. தாத்தா ரோட்டுல நிக்கிற கம்பம். நல்ல குடும்பம். பார்த்து நடந்துக்கணும்."

வயரை மாட்டப் போனார்கள்.

"நில்லுங்க!" என்று கத்தினான் எட்டியப்பன். "தலையில முக்காட்டோட போறாரு! அவிழ்த்துட்டுப் போகச் சொல்லுங்க!"

"அடச்சே! முறையில இதல்லவா முதல்ல!"

பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார்கள். 'டிக்' என்று வயர் உள்ளே போய் உட்கார்ந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு சிமிட்டியது.

"கண்ணடிக்குது மாமா! தெரிஞ்சுக்கிச்சு!"

நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மணி நாலு நாற்பத்தெட்டு. அந்த நேரம் பார்த்து லேப்டாப் கிணுகிணுவென்று மணி அடித்தது. எட்டியப்பன் முருங்கைக்காயால் எண்டரை ஓங்கி அமுக்கினான். திரை முழுக்கத் தொப்பி வைத்த ஒரு பெரிய முகம் வந்தது.

"ஹலோ! நான்தான் வேம்புவோட தாய்மாமன் சங்கிலிமுத்து. மாப்பிள்ளை, சௌக்கியமா?"

ஒருத்தரும் அசையவில்லை. அவரை யார் அறிமுகம் செய்துவைத்தார்கள்?

"சத்தம் கேக்குதா மாப்பிள்ளை?"

சடையன் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்தான். பிச்சாண்டி கொட்டாவி விட்டான். "மணி என்னடா?" என்றார் நல்லகுட்டி. "ஐந்தாகப் போகுது மாமா. இன்னும் அவர் வரலையே" என்றான் சடையன், கண்ணில் நீரோடு.

சங்கிலிமுத்து பத்து நிமிஷம் தனியாகப் பேசினார். சம்பளம் கேட்டார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். கடைசியில் தன் மண்டையில் தானே தட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சடையன் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "வயர் வந்துருச்சு மாமா. மாமன் வரலை."

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் வாசலில் ஒரு கடிதம் விழுந்தது. 'மாப்பிள்ளையை மிகவும் பிடித்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் அடக்கமா? தலையை நிமிர்த்தவில்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னை நினைத்துக் கண்கலங்கியும் விட்டார். அடுத்த மாதம் ஊர் வந்து, பத்தாம் தேதி காலை பெண்ணோடு அங்கே வருகிறேன். அங்கேயே கல்யாணம். இப்படிக்கு, சங்கிலிமுத்து.'

பத்தாம் தேதி காலை பந்தல் போட்டு, மேளம் கொட்டி, ஊரே காத்திருந்தது. ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். பட்டுச்சேலை கட்டிய வேம்புவும் அதில் ஒருத்தி.

"பொண்ணு வீட்டுக்காரங்களைக் காணோமே" என்றது ஊர், அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தபடி.

சங்கிலிமுத்து கத்தினார். கையைத் தட்டினார். வேம்பு மட்டும் பொறுமை இழந்து, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சடையனின் தட்டிலிருந்து ஒரு ஜிலேபியை எடுத்துத் தின்றாள்.

"மாமா, ஜிலேபி குறையுது!"

"காத்துடா."

அவள் இரண்டாவதை எடுத்தாள்.

"மாமா, இந்தக் காத்து வளையல் போட்டிருக்கு!"

நல்லகுட்டி மீசையைத் தடவினார். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "டேய், என்னமோ சரியில்லை. இங்க நிறையப் பேர் இல்லாம இருக்காங்கடா. எண்ணிப் பார்த்துட்டேன். மொத்தம் இருபத்திரண்டு பேர் இல்லை."

"அப்ப அறிமுகம் ஆகாதவங்க!" என்றான் பிச்சாண்டி. "ஆனா அவங்களைத் தெரிஞ்ச ஆள் நம்ம ஊர்ல யாரு?"

"வயர்!" என்று துள்ளினான் எட்டியப்பன். "அவரு இப்ப உள்ளூர் ஆளு. சிங்கப்பூர் சேதியெல்லாம் அவரு வழியாத்தானே வரும்!"

கோமதிநாயகம் தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. வயரைத் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு அழைத்து வந்தார்கள். ஒரு முனை நல்லகுட்டி கையில். "தலையில இருக்கிறதைக் கழட்டிட்டுப் பிடிங்க" என்று மறுமுனையைக் காற்றில் நீட்டினார்கள். சங்கிலிமுத்து வேறு வழியில்லாமல் அதைப் பிடித்து, தொப்பியைக் கழற்றினார்.

"அடேயப்பா! மாமா! எப்ப வந்தீங்க?" என்று ஊரே பாய்ந்து கும்பிட்டது. அப்புறம் வேம்பு வயரைப் பிடித்தாள். சடையன் அவளைப் பார்த்தான். வாயைப் பார்த்தான். "ஜிலேபி!" என்றான். அவள் சிரித்தாள். மீதி இருபது பேரும் வரிசையாக வயரைப் பிடித்து ஒவ்வொருவராக ஆமாம்பட்டிக்குள் தோன்றினார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் தாலி ஏறியது.

வரிசையின் கடைசியில் ஓர் ஆள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயரின் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பதினோரு வருஷம் காத்திருந்த அந்தோணிராஜ். பெண் வீட்டு ஆள் என்று நினைத்து அவருக்கும் இலை போட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஆமாம்பட்டி டீக்கடையில் ஒரே புலம்பல்.

"அந்த ஆளு வந்த நேரமே சரியில்லைப்பா. வானத்துலேர்ந்து ஒரு கடிதம்கூட விழ மாட்டேங்குது. எல்லாத்தையும் மேலேயே பிடிச்சுக்கிட்டு, என்னமோ தன் வீட்டுது மாதிரி ஒவ்வொண்ணாக் கையில குடுக்கிறாரு!"