நாற்பத்தொன்றாவது முறை

சென்னைக்கு வெளியே ஒரு கார் கம்பெனியின் சோதனைக்கூடம். அங்கே ஆசான் தில்ஷாத்துக்கு வயது முப்பத்தொன்று. இன்ஜின் பிரிவிலிருந்து மாற்றலாகி, அவளிடம் கற்க வந்த சீடர் அரங்கநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு.

அன்று மாலைக்குள் ஒரு புகாரில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். 'குறை இல்லை' என்று போட்டுவிட்டால் அதை மறுபடி யாரும் திறக்க மாட்டார்கள்.

புகார் ஜோத்பூரில் இருக்கும் ஒரு தலைமையாசிரியையுடையது. குளிர்காலத்தில் காரைவிட்டு இறங்கிக் கதவைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறதாம். பள்ளிப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க, முழங்கையால் இடித்துத்தான் கதவைச் சாத்துகிறாராம். கம்பெனி பதில் எழுதியது: "தங்கள் புடவையே காரணம். பருத்தி உடுத்தவும்." காரை விற்கும்போது இந்த உபதேசத்தை யாரும் செய்யவில்லை. பதினோராவது கடிதத்தோடு அந்த அம்மா புடவையையே பார்சலில் அனுப்பிவிட்டார்.

"நாற்பது தடவை ஏறி இறங்கிட்டேன் மேடம். அறைக் காத்தைக்கூட ஜோத்பூர் குளிர்காலம் மாதிரியே ஈரமில்லாம காய வெச்சாச்சு. ஒண்ணுமே இல்லை. அந்தம்மாவுக்குக் கற்பனை ஜாஸ்தி."

"என்ன உடுத்தி இறங்கினீங்க?"

"அதே புடவைதான். பார்க்கறீங்களே!" பேண்ட்டுக்கு மேல் ஊதா நிறப் பாலியஸ்டர் சுற்றியிருந்தது.

"காலில?"

"லேப் செருப்பு. சொந்தச் செருப்பை வாசல்ல விடணும்னு விதி போட்டதே நீங்கதானே?"

உடம்பில் சேரும் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் தரைக்குள் இறக்கிவிடும் செருப்பு அது.

தில்ஷாத் வாசலுக்குப் போனாள். அப்படி இறக்கிவிடாத அவருடைய ரப்பர் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.

"ஐயையோ, நீங்க போய் என் செருப்பை..."

"போட்டுக்குங்க சார். நாற்பத்தொண்ணு."

கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உட்கார்ந்தார். இறங்கினார். கதவைத் தொட்டார்.

பட்டென்று ஒரு பொறி.

"ஆத்தாடி!"

கதவு திறந்தே கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தார். பிறகு முழங்கையால் இடித்துச் சாத்தினார்.

விரலை உதறிக்கொண்டிருந்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது. "கண்டுபிடிச்சுட்டேன் மேடம்! புடவை இல்லை. அந்தம்மாவோட செருப்புதான் காரணம்!"

"அப்ப அதையும் பார்சல்ல அனுப்பச் சொல்லுவோமா?"

அரங்கநாயகம் படிவத்தை எடுத்தார். 'சோதனை முடிவு' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"பின்ன என்னதான் எழுதறது?"

"இப்பக் கதவை ஏன் முழங்கையால சாத்தினீங்க? அதை எழுதுங்க சார்."