கண்ணாடிப் பீரோவில் ஒரு கர்ப்பிணி

தென்காசிப் பக்கம் ஒரு செவிலியர் பள்ளியில், பிரசவம் பார்த்துப் பழக ஒரு ரப்பர் பொம்மை வாங்கினார்கள். அதன் வயிற்றுக்குள் குட்டிப் பொம்மையும் உண்டு. தாளாளர் திருமலைக்கொழுந்து பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே கண்ணாடிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்து, உறைமேல் சந்தனம் தெளித்து, மறுபடி பூட்டிவிடுவார். மாணவிகள் கண்ணாடி வழியாகப் பார்த்தே இரண்டு வருஷம் படித்தார்கள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நிஜப் பிரசவம் பார்க்க வேண்டும்!

அந்த நேரத்தில் அதிகாரி ஜெபக்கனி சோதனைக்கு வந்தார். தாளாளர், மாணவிகளில் வாயே திறக்காத மாடத்தியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மேடம் முன்னால பிரசவம் பார்த்துக் காட்டு. உறையில கீறல் விழுந்துச்சுன்னா உனக்கு சர்டிபிகேட் கிடையாது."

"சரிங்கய்யா" என்றாள் மாடத்தி. அதிகாரி வந்து நின்றதும் கையைக் கழுவினாள்; பீரோ இன்னும் பூட்டியே இருந்தது. முதலில் கேஸ் ஷீட் எழுத வேண்டும் அல்லவா? எழுதி அதிகாரியிடம் நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார்.

"பெயர்: பொம்மை. கர்ப்பம்: இருபத்துநான்கு மாதம். வலி: இன்னும் எடுக்கவில்லை. காரணம்: வெளியே பூட்டு. மருந்து: சாவி. மருந்து இருக்குமிடம்: தாளாளர் இடுப்பு."

ஜெபக்கனி கையை நீட்டினார். "மருந்தைக் கொடுங்க சார், கேஸ் ரொம்ப லேட்டாயிடுச்சு."

உறை பிரிந்தது. முதல் பிள்ளை மாடத்தியின் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

"நல்லவேளை, ரப்பர்" என்றார் அதிகாரி, தாளாளரைப் பார்த்து.

சாயங்காலத்துக்குள் பொம்மை இன்னும் இருபத்திரண்டு பிள்ளை பெற்றது. கடைசிப் பத்தில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.