மூக்கைக் கடித்தது யார்?

காட்டின் நடுவே ஒரு செம்மண் புற்று இருந்தது. கருமலை என்ற கரடி அந்தப் புற்றின் மேல் தீராத பகை வைத்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கருமலை அதற்குள் மூக்கை நுழைத்தபோது ஒரு கரையான் கடித்துவிட்டது. மூக்கின் உள்ளே, மெத்தென்று இருக்கும் இடத்தில் நல்ல கடி. மற்றக் கரடிகளும் கடிபட்டிருக்கின்றன. அவை தும்மிவிட்டு வேறு புற்றுக்குப் போய்விடும். கருமலை அப்படிப் போகிற ரகம் இல்லை. புண் எட்டு நாளில் ஆறியது, நினைப்பு ஆறவில்லை.

அந்த வழியாகப் போன காட்டுப்பன்றி, "என்ன கருமலை, இன்னும் முறைப்பு முடியவில்லையா? புற்றுக்குக் கண் இருந்தால் இதற்குள் வெட்கப்பட்டே செத்திருக்கும்" என்றது.

"இன்றைக்கு முடித்துவிடுகிறேன், நீ போ" என்று உறுமிவிட்டு, கருமலை நகங்களை நீட்டிக்கொண்டு புற்றின் முன்னால் உட்கார்ந்தது. "ஏய், யார் உள்ளே? வெளியே வா."

ஒரு சிப்பாய்க் கரையான் வாசலுக்கு வந்தது. அதன் பெயர் செம்பி. உடம்பை விடத் தலை பெரிது. அதன் மீசை நடுங்குவதைக் கருமலை பார்த்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அண்ணே, நாலு நாள் பொறுங்கள். உள்ளே ஈசல்களுக்கு இறகு இன்னும் காயவில்லை. மழை பெய்ததும் பறந்துவிடும். இன்று இடித்தால் வெயில் பட்டு அத்தனையும் சுருண்டுவிடும்."

"என் மூக்கைக் கடித்தவனைக் கொடுத்துவிடு, இடிக்கமாட்டேன்."

"அவன் எப்போதோ செத்து மண்ணாகிவிட்டான். அன்றிருந்த சிப்பாய் ஒருவன்கூட இன்று இல்லை."

"அப்படியென்றால் கடிக்கச் சொன்னவனைக் கொடு."

"யாரும் சொல்லவில்லையே."

"புளுகாதே பொடியா. உங்கள் ராணி?"

"அவளா? அவளுக்கு முட்டையிடவே நேரம் போதவில்லை. புரண்டு படுக்க நாலு பேர் தள்ளவேண்டும். அவள் எங்கே உத்தரவு போடுவது?"

"தலைவன் இல்லாமலா இத்தனை பெரிய வீடு எழும்பியது?"

"ஒருவன் ஓர் உருண்டை ஈரமண் வைப்பான். அந்த வாசனைக்கு அடுத்தவன் அதன் மேல் வைப்பான். அவ்வளவுதான் அண்ணே. புற்று என்பது கூப்பிட ஒரு பெயர்."

கருமலை அண்ணாந்து பார்த்தது. தான் எழுந்து நின்றாலும் எட்டாத உயரம். மூன்று கோடையில் ஒரு விரிசல் இல்லை. பகையாளியின் வீடுதான், ஆனாலும் வேலை வேலைதான் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டது.

"நீங்கள் எப்படியோ போங்கள். எனக்குள்ளே 'நான்' என்று ஒருவன் இருக்கிறான். அவமானப்பட்டவன் அவன்" என்று தலையைத் தட்டிக் காட்டியது.

"அந்த இடத்தைப் பற்றி நாங்கள் தின்றிருக்கிறோம்" என்றது செம்பி.

"என்னது?"

"மலையடிவாரத்தில் பாழடைந்த புத்த மடம் இருக்கிறதே, அங்கே பிக்குகளின் பனையோலை ஏடுகளை எங்கள் முன்னோர் தின்றார்கள். போன வருஷம் காட்டு பங்களாவில் ஒரு மூளை டாக்டர் விட்டுப்போன புத்தகங்களை நாங்கள் தின்றோம். ஏடு சொன்னது, உள்ளே தேடினால் வலி கிடைக்கும், நினைப்பு கிடைக்கும், அவற்றுக்குச் சொந்தக்காரன் என்று தனியாக ஒருவன் கிடைக்கமாட்டான் என்று. டாக்டர் புத்தகமோ, மூளைக்குள் கோடிகோடியாய் நரம்பணுக்கள், ஒன்று மற்றொன்றைத் தூண்டுகிறது, நடுவே ராஜா யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்றது. 'நான்' என்பது அவை எல்லாம் சேர்ந்து கட்டிக்கொள்கிற கதையாம்."

"இரண்டும் ஒன்றுதானா?"

"ருசி வேறு. ஓலை துவர்க்கும், தாளில் பசை இனிக்கும். ஏடு துக்கம் தீர வழி தேடியது. டாக்டர் எப்படி நடக்கிறது என்று மட்டும் பார்த்தார். இந்த ஓர் இடத்தில் இரண்டும் கைகோத்துக்கொண்டன."

"தாளைத் தின்ற திமிரா? எனக்குக் கோபம் வருகிறது."

"வருகிறதா? யார் கூப்பிட்டது?"

கருமலை திகைத்தது. "யாரும் கூப்பிடவில்லை. அதுவாக வருகிறது."

"பசி?"

"அதுவும் வரும். தூக்கமும் வரும். அதற்கென்ன?"

"எல்லாம் வருகிறது, சரி. வந்ததை வாங்கிக்கொள்கிறவன் யார்? கண்ணை மூடி அவனைப் பிடியுங்கள். அகப்பட்டால் புற்றை இடியுங்கள், நான் வாசலிலேயே நிற்கிறேன்."

கருமலை கண்ணை மூடியது. நெஞ்சில் ஒரு சூடு இருந்தது. மூக்கில் ஒரு குறுகுறுப்பு. 'என்னையா கடித்தாய்' என்று ஒரு குரல். அந்தக் குரலைத்தான் கருமலை இத்தனை நாளும் 'நான்' என்று நினைத்திருந்தது. இப்போது காது கொடுத்துக் கேட்டால் அதுவும் வந்தது, நின்றது, போனது. அதன் மேல் இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. அதன் மேல் இன்னொன்று. மூன்று வருஷமாக யாரும் உத்தரவு போடாமலே உருண்டை உருண்டையாய் ஒரு பகை எழும்பி நிற்பதைக் கருமலை பார்த்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. குடியிருக்க ஆள் இல்லை.

கண்ணைத் திறந்தபோது, நீட்டியிருந்த நகங்கள் தரையில் தாழ்ந்திருந்தன.

"கிடைத்தானா அண்ணே?"

"இன்னும் கொஞ்சம் தேடவேண்டும்" என்றது கருமலை, விட்டுக்கொடுக்காமல். பிறகு கேட்டது, "உனக்குப் பயம் வரவில்லையா?"

"வந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் இன்று வாசலில் நிற்கிற முறை எனக்கு."

இத்தனை சின்ன உடம்பிலிருந்து இத்தனை பெரிய வார்த்தையைக் கருமலை அதுவரை கேட்டதில்லை. எழுந்து, புற்றைச் சுற்றிக்கொண்டு, சுவரில் உடம்பு உரசாமல் நடந்து போனது.

மறுநாளும் பழைய கோபம் வந்தது. கருமலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

நாலாம் நாள் மழை பெய்தது. புற்றிலிருந்து ஈசல்கள் புகைபோல் கிளம்பி வானத்தை மூடின. கருமலை வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தது. திறந்த வாய்க்குள் வந்து விழுந்த நாலைந்தை மென்று விழுங்கியது. அது பசியால் நடந்தது, பகையால் இல்லை.

வலி வருவது உண்மைதான், ஆனால் அதைக் காலமெல்லாம் சுமக்க உள்ளே ஒரு 'நான்' உட்கார்ந்திருக்கிறது என்று நம்புவதே ஏமாற்று. தேடிப் பார்த்து அதை விட்டவனிடம் பகை தங்க இடமில்லை.