நாற்பது நொடிப் பாட்டு

"என் பாட்டை ஒருத்தரும் முடிய விடமாட்டேங்கிறாங்க, டீச்சர்."

வேதமாணிக்கம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

யூனிஸ் டீச்சர் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து சொல்லுங்கண்ணே. கீழ ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேக்குது."

டீச்சர் அவரைவிட எட்டு வயது இளையவர். பொன்மலையில், அந்த ஜெராக்ஸ் கடை மாடியில், இசை சொல்லிக்கொடுப்பவர். வேதமாணிக்கம் நாற்பது வயதுக்கு மேல் கிதாரைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து சுரம் எழுதப் பழகினார். அன்றிலிருந்து மனசில் எது முட்டினாலும் இந்த மாடிக்குத்தான் வருவார். வேறு போக்கிடமும் அவருக்குக் கிடையாது.

பாட்டின் பெயர் 'கிட்டத்தான்'. டிரம்ஸ் அதிரும், கிதார் துள்ளும். சோர்ந்து கிடக்கிறவனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிற பாட்டு. நாலு நிமிடம். கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கிவிட, அவர் குரல் மட்டும் தனியாக இரண்டு வரி பாடும். அந்த இரண்டு வரிக்காகத்தான் மீதி மூன்றே முக்கால் நிமிடத்தையும் எழுதினார்.

தை மாதம் வெளியிட்டார்கள். எஃப்.எம். பட்டியலில் ஒரு வாரம் ஒன்பதாம் இடம். அடுத்த வாரம் பதினான்கு. அதற்கடுத்த வாரம் எவ்வளவு தேடியும் காணோம். ஒரு பத்திரிகை 'தெம்பூட்டும் பாடல்' என்று புகழ்ந்து எழுதியது. புகழ்ந்த ஜோரில் பாடியவர் பெயரை மாற்றிப் போட்டுவிட்டது.

அப்புறம்தான் ஒரு செல்போன் கம்பெனி அதை வாங்கி, நாற்பது நொடிக்கு வெட்டி, காலர் டியூன் ஆக்கியது. சித்திரையில் ஏதோ சலுகை. யாரையும் கேட்காமலே ஆறு லட்சம் எண்களில் இலவசமாக ஏற்றிவிட்டார்கள். அந்த எண்களை யார் கூப்பிட்டாலும், மணிச் சத்தத்துக்குப் பதிலாக வேதமாணிக்கம் பாடுவார்.

"ஆறு லட்சம் பேராம், டீச்சர். சென்னையில கேக் வெட்டிக் கொண்டாடினாங்க. எனக்கு ஒரு துண்டை டப்பாவுல போட்டுக் கொடுத்தாங்க. லாட்ஜ் ரூம்ல தனியா உக்காந்து தின்னேன்."

"கேக் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தொண்டையில இறங்கல."

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார்.

"நான் 'கிட்டத்தான்'னு ஆரம்பிக்கிறேன். அதுக்குள்ள எவனாவது 'ஹலோ'ங்கிறான். பாட்டு அங்கேயே செத்துப்போகுது. இத்தனை பேர்ல ஒரு ஆளு அதை ஆசைப்பட்டு வைக்கல. ஒரு ஆளு முழுசாக் கேக்கல. எடுத்துடுங்கன்னு கம்பெனிக்குப் போன்ல சொல்லிட்டேன். நாளைக்குள்ள மெயில் போட்டா எல்லா நம்பர்லேருந்தும் எடுத்துடுவாங்க. அதோட பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு இருக்கேன்."

"ஒருத்தர்கூடவா முழுசாக் கேக்கல?"

"யாரு கேப்பா? போன் வந்தா எடுக்கத்தானே போறாங்க?"

டீச்சர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணி மூட்டை.

"மூணு புடவை, ரெண்டு தலகாணி உறை. ரயில்வே காலனி முனையில, வேப்பமரத்தடியில அய்யாக்கண்ணுன்னு ஒருத்தர் இருப்பாரு. தேச்சு வாங்கிட்டு வாங்கண்ணே."

வேதமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது.

"நான் என்ன சொல்லிட்டு இருக்கேன், நீங்க என்ன..."

"ஒரு மணிக்குள்ள போயிடுங்க."

ஆறு லட்சம் எண்களில் பாடுகிற குரல் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தது. திருச்சியில் முப்பது வருஷமாக இருக்கிறார். வழியில் 'எங்க போறீங்க?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அய்யாக்கண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். தள்ளுவண்டியில் கரிப்பெட்டியை வைத்து ஒரு காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா துணியா? இப்படி வைங்க சார். அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

ரயில்வே பணிமனையில் ஒரு மணிச் சங்கு ஊதியது.

அய்யாக்கண்ணு பெட்டியைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, தண்ணீர் கேன் மேல் சாய்த்து வைத்தார்.

டிரம்ஸ் அதிர்ந்தது.

'கிட்டத்தான் கிட்டத்தான், இன்னும் ரெண்டே எட்டு...'

வேதமாணிக்கம் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வேப்பமரத்தடியில், பட்டப்பகலில், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவர் குரல்.

'விட்டுடாதே, வந்துடும், கைய மட்டும் நீட்டு...'

இப்போது யாராவது 'ஹலோ' என்று வெட்டப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒருவரும் வெட்டவில்லை. நாற்பது நொடியும் ஓடி முடிந்தது. நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்போது பதிலளிக்கவில்லை என்றாள் ஒரு பெண்.

அய்யாக்கண்ணு போனைப் பையில் போட்டார். டீச்சர் புடவை ஒன்றை விரித்துத் தண்ணீர் தெளித்துத் தேய்க்கத் தொடங்கினார். வாய் அதே பாட்டை முணுமுணுத்தது. டிரம்ஸ் வருகிற இடத்தில் டிரம்ஸ், கிதார் துள்ளுகிற இடத்தில் கிதார். ஒரு சுரம் பிசகவில்லை. 'கைய மட்டும் நீட்டு' வரைக்கும் வந்தவர், அதே மெட்டில், 'நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்போது பதிலளிக்கவில்லை' என்று நீட்டிப் பாடி முடித்தார்.

"அது பாட்டு இல்லியேங்க" என்றார் வேதமாணிக்கம்.

"தெரியும் சார். தெனம் சேர்ந்தேதானே வருது. நானும் சேர்த்தே பாடிடுறது."

"யார் பாட்டு இது?"

"என் தம்பி பாட்டு."

வேதமாணிக்கம் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான் சார். ஒரு மணிக்குத்தான் அவனுக்குச் சாப்பாட்டு நேரம். அதான் இந்நேரத்துக்குக் கூப்பிடுறது."

"எடுக்க மாட்டாரா?"

"மூணு வருஷமா எடுக்கல." புடவையைத் திருப்பிப் போட்டார். "அவன் கல்யாணத்துக்கு நான் போகல. வேணும்னுதான் போகல. பொண்ணு வேற ஆளுங்க. ரெண்டு நாள் என்னை எதிர்பார்த்தானாம்."

அய்யாக்கண்ணு பெட்டியின் சாம்பலை ஊதிவிட்டார்.

"முன்னல்லாம் வெறும் மணிதான் சார் அடிக்கும். ட்ரிங் ட்ரிங்னு. சித்திரையில ஒரு நாள் கூப்பிடுறேன், பாடுது! கையும் ஓடல காலும் ஓடல எனக்கு. வைக்கிறவன் காதுக்கு அது கேக்காது பாருங்க. கூப்பிடுறவனுக்குத்தானே வைக்கிறது? தெனம் ஒரு மணிக்கு யாரு கூப்பிடுறான்னு அவனுக்குத் தெரியாதா?"

வேதமாணிக்கத்தின் நாக்கு நுனியில் சித்திரைச் சலுகை வந்து நின்றது. அந்தத் தம்பி இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்காமலே இருக்கலாம். தன் எண்ணில் ஒரு பாட்டு ஓடுகிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அதை விழுங்குவதற்குக் கேக்கைவிடச் சிரமமாக இருந்தது.

"கோவம் இன்னும் இருக்கு சார் அவனுக்கு. இருக்கட்டும், எடுக்க வேணாம். ஆனா கிட்டத்தான்னு சொல்றான் பாருங்க, விட்டுடாதேங்கிறான். இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள் விடல நான்."

"இந்தப் பாட்டுல மீதி இருக்குங்க" என்றார் வேதமாணிக்கம். தான் சொல்வது அவருக்கே தூரத்தில் கேட்டது. "கடைசியில ரெண்டு வரி வரும். ரொம்ப நல்லா இருக்கும். பாடிக் காட்டட்டுமா?"

அய்யாக்கண்ணு சிரித்தார். "வேணாம் சார். அவன் மட்டும் எடுத்துட்டான்னா, இந்த நாப்பது நொடியே எனக்கு வேணாம்."

துணிகளைச் சூடு ஆறாமல் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார்.

டீச்சர் தலையணை உறையின் மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"நீங்கதான் பாடினதுன்னு சொன்னீங்களா?"

"இல்ல. அவரு தம்பி பாட்டுங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

 டீச்சர் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படியிறங்கும்போது சென்னையிலிருந்து போன் வந்தது. கம்பெனிப் பெண்.

"சார், கேன்சல் பண்ணச் சொல்லி மெயில் அனுப்புறேன்னீங்க. இன்னும் வரல. நாளைக்கு லாஸ்ட் டேட் சார்."

"அனுப்பலம்மா."

"அப்போ கன்டினியூ பண்ணிடலாமா சார்?"

"எல்லா நம்பர்லயும் அப்படியே இருக்கட்டும். ஒரு நம்பர்கூட விடாதீங்க."

"சூப்பர் சார்! பெரிய ஹிட் சார் அது" என்றாள் அவள். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் யாரும் அனுப்பாமலே போனார். தேய்த்து வைத்திருந்த நாலு சட்டையைக் கசக்கி எடுத்துப்போனார். அய்யாக்கண்ணு ஒன்றை விரித்துப் பார்த்தார். அவரை ஒரு தரம் பார்த்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

சங்கு ஊதியது. பெட்டி கல்லுக்குப் போனது. போன் தண்ணீர் கேன் மேல் சாய்ந்தது.

'கிட்டத்தான் கிட்டத்தான்...'

வேதமாணிக்கம் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார்.

முதல் வரி முடிந்தது. திருப்பூரில் எவ்வளவு பெரிய சாப்பாட்டுக் கூடமோ, தம்பி போனை எங்கே வைத்திருக்கிறானோ. சட்டைப் பையில் இருக்கும், எதிரே இருக்கும், பார்த்துக்கொண்டே இருப்பான். கிதார் துள்ளிக்கொண்டு வந்தது. அந்தத் துள்ளலை அவர் ஒரு மாதம் உட்கார்ந்து அமைத்திருந்தார். இப்போது அதன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அய்யாக்கண்ணு உதட்டை அசைத்துக் கூடவே பாடினார்.

'விட்டுடாதே, வந்துடும்...'

நாற்பது நொடி இவ்வளவு நீளம் என்று வேதமாணிக்கத்துக்கு இத்தனை நாள் தெரியாது. போனை நோக்கிக் குனிந்தார். உள்ளே அவர் குரல் குஷியாகப் பாடிக்கொண்டே போனது.

"போதும்" என்றார் அதைப் பார்த்து. "நிறுத்துடா."