காற்று கேட்ட விலை

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது, கொக்குக்குத் தொழில் இருந்தது. கடற்கரையில் மூன்று கால் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடிக்கும் தொழில். அசையாமல் நிற்கத் தெரிந்தது அதற்கு மட்டும்தானே!

ஒரு சாயங்காலம் செண்பகவடிவு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அக்கரைச் சீமையில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்து மறுநாள் கப்பலேறுகிறவள். போவதற்குள் தன் முகத்தை ஒரு படமாக அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அம்மா தைத்துக் கொடுத்த பாவாடை தாவணியில்தான் வந்திருந்தாள். கொக்கிடம் மிச்சம் இருந்ததோ படம் பதிகிற கண்ணாடித் தகடு ஒன்றே ஒன்று.

"கொஞ்சம் இருங்க கொக்கண்ணே. ஓடி வந்ததுல மூச்சு முட்டுது. காத்து வாங்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

சொல்லியிருக்கவே கூடாது. 'வாங்கி' என்ற சொல்லைக் காற்று பிடித்துக்கொண்டது.

"வாங்கப் போறியா? என்ன குடுப்பே? இந்த ஊரே தினமும் காத்து வாங்க வருது. ஒருத்தராவது எதையாவது குடுத்திருக்கீங்களா? என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. என்னை ஒரு படம் எடுங்க!"

"கண்ணுக்கே தெரியாத உன்னை எப்படிய்யா எடுக்கிறது?" என்றது கொக்கு.

"இருக்கிறது ஒரே தகடு, சாமி. எங்கம்மாவுக்கு என் முகம் வேணும். இன்னிக்கு மட்டும் விட்டுடு" என்று கும்பிட்டாள் செண்பகவடிவு. காற்று முணுமுணுத்துவிட்டு அடங்கியது. அடங்கிவிட்டது என்று நம்பினார்கள் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும்!

"அசையாதே" என்று கொக்கு பெட்டியின் மூடியைத் திறந்ததும், தானும் படத்தில் விழ வேண்டும் என்று காற்று பாவாடைக்குள் புகுந்தது. பாவாடை குடையாக விரிந்தது, தாவணி பறந்து முகத்தை மூடியது. "அட எடுபட்ட காத்தே! நீ உருப்படுவியா?" என்று அவள் ஒரு கையால் பாவாடையை முறுக்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துத் தகட்டில் படம் விழுந்துவிட்டது.

படத்தில் முகமே இல்லை. செண்பகவடிவு அழுது தீர்த்தாள். வேறு வழியில்லாமல் அதையே அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். "முகம் தெரியாட்டி என்ன? இந்த முறுக்கு முறுக்கிப் பிடிக்கிறவ வேற யாரு? என் மகளேதான். இதைவிட நல்லா யாராலயும் எடுக்க முடியாது" என்றாள்.

ஜன்னலில் ஒட்டுக்கேட்ட காற்று, புகழ்ந்தது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டது. சனியன், அதற்கப்புறம் திருந்துமா?

அன்று தலைக்கேறிய கிறுக்குதான் இன்றுவரை இறங்கவில்லை. எவராவது கேமராவைத் தூக்கினால் போதும், எங்கிருந்தோ ஓடி வந்து பாவாடைக்குள் நின்றுகொள்கிறது. போதாக்குறைக்குச் சினிமாக்காரர்கள் பெரிய ஃபேன் வைத்து, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அதை அழைக்கிறார்கள் வேறு. நாமோ ஒரு கையால் துணியைப் பிடித்து, மறு கையால் முடியை ஒதுக்கி, வாய் நிறையத் திட்டிக்கொண்டு நிற்கிறோம். அழகாக நின்ற படங்கள் எத்தனை இருந்தாலும், அந்தப் படத்தைத்தான் நம் அம்மாக்கள் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கிறார்கள்.