தாழம்பூ மணத்த குட்டி

“இங்க என்னை யாரும் மதிக்கல, அம்மை.”

ஆவுடையப்பன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

குழல்வாய் அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் மலையடிவாரத்து அந்த மடத்தில் அவள்தான் குரு, அவர் சீடர்.

டவுனில் அத்தர் கடை நடத்தியவர் அவர். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஞானம் தேடி வந்தார். வந்த இடத்தில் மடத்துக்குச் சோப்பு செய்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

“யாரு மதிக்கல?”

“எல்லாரும்தான். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணி. இதுக்கு மேல ஒண்ணும் போடக் கூடாதுங்காங்க. வாசனை இல்லாத சோப்பு ஒரு சோப்பா? எங்கிட்ட அசல் தாழம்பூ அத்தர் இருக்கு. ஒரு சட்டிக்கு ஒரு ஸ்பூன் போதும். அதையும் போட விட மாட்டேங்காங்க. என் தொழிலையே காலால தள்ளுத மாதிரி இருக்கு.”

“போடுங்க.”

“என்னது?”

“அத்தரைப் போடுங்க, அண்ணாச்சி.”

சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது.

சட்டியை எடுத்து வைத்தார். சோடா கரைத்த தண்ணீர் சூடு ஆறும்வரை பொறுத்திருந்தார். அளந்து வைத்த எண்ணெயில் அதை ஊற்றிக் கலக்கினார்.

அத்தர் விடுவதற்கு, கலக்குகிற கோலைத் தூக்கினால் விழும் சொட்டின் தடம் கலவையின் மேலேயே நிற்க வேண்டும். அதற்கு முந்தினால் வாசனை பறந்துவிடும். பிந்தினால் கலவை இறுகிப்போய் அத்தர் திட்டுத் திட்டாக நிற்கும். யாரும் சொல்லித் தராமலே இது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

தடம் நின்றது. ஒரு ஸ்பூன் அத்தர் விட்டார்.

பேச்சிமுத்து நினைவுக்கு வந்தான். மடத்து ஆடுகளைப் பார்க்கிறவன். “கழனித் தண்ணியிலயும் ரெண்டு சொட்டு விடுங்க அண்ணாச்சி, ஆடு மணக்க மணக்கக் குடிக்கட்டும்” என்று அவரைக் காணும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பவன்.

இன்னொரு ஸ்பூன் விட்டார்.

சோப்பு காய்ந்து கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று மடமே மணத்தது. குளித்தவர்கள் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

அம்மையும் அந்தச் சோப்பில்தான் குளித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவரே போய்க் கேட்டார். “சோப்பு எப்படி இருந்தது, அம்மை?”

“அழுக்கு போச்சு.”

“வாசனை?”

“இருந்தது.”

அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பேச்சிமுத்து ஆடுகளுக்கு இலைக்குழை வெட்டப் போயிருந்தபோது கறுத்த ஆடு குட்டி போட்டது. கொட்டகையில் அல்ல, வெளியே, சேற்றில்.

பக்கத்தில் ஆவுடையப்பன் ஒருவர்தான் இருந்தார்.

சேறும் ரத்தமும் கொழகொழப்புமாகக் கிடந்தது குட்டி. தாய் அதன் முகத்தை நக்க ஆரம்பித்திருந்தது. அவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். தாய் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

வெந்நீர் வைத்தார். தன் சோப்பை எடுத்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தார். அலசினார். திரும்பவும் ஒருமுறை தேய்த்தார். துண்டால் துவட்டி, கொட்டகைக்குக் கொண்டுவந்து தாயின் முன்னால் இறக்கிவிட்டார். பஞ்சு மாதிரி இருந்தது குட்டி. தாழம்பூ மணத்தது.

ஆடு முகர்ந்தது.

பின்வாங்கியது.

குட்டி தள்ளாடிக்கொண்டு மடியைத் தேடிப் போனது. ஆடு தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி உருண்டு சுவரோரம் விழுந்தது.

அவர் தூக்கி நிறுத்தினார். மறுபடியும் முட்டு.

“சனியனே, உன் பிள்ளைதான்.”

ஆடு அவரைத் தாண்டி வெளியே ஓடியது. ஈன்ற இடத்துச் சேற்றை முகர்ந்து கத்தியது. திரும்பி வந்தது. குட்டியைக் கண்டதும் மறுபடி கொம்பைத் தாழ்த்தியது.

பேச்சிமுத்து குழைக்கட்டோடு உள்ளே வந்தான். மூக்கை உறிஞ்சினான். குட்டியைப் பார்த்தான்.

“குளிப்பாட்டினீங்களா?”

“சேத்துல கிடந்தது.”

“மாப்பிள்ளை மாதிரி இருக்கு. கழுத்துல மாலைதான் பாக்கி.” சொன்னானே தவிர அவன் சிரிக்கவில்லை. “பொழுது சாயறதுக்குள்ள சீம்பால் உள்ள போகலேன்னா இது நிக்காது, அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் பாய்ந்து ஆட்டின் கொம்பைப் பிடித்தார். பேச்சிமுத்து குட்டியை அதன் மடியில் சேர்த்தான். ஆடு உதைத்தது. உதை குட்டியின் வாயில் விழுந்தது. குட்டி எழுந்திருக்கவில்லை.

வாசலோரம் ஒரு கம்பு கிடந்தது. அவர் கைக்கு அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது.

“பெத்த பிள்ளையை உதைக்கிற நீ ஒரு தாயா?”

ஓங்கிய கம்பை யாரோ பின்னாலிருந்து பிடுங்கினார்கள்.

அம்மை. மழையில் நனைந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. அவளுக்கு இவ்வளவு கோபம் வந்து அவர் பார்த்ததில்லை.

“அடிங்க. அது செஞ்ச தப்பு என்னன்னு சொல்லிட்டு அடிங்க.”

“பிள்ளையை ஒதுக்குதே, பார்க்கலியா?”

“அது கத்துறது காதுல விழலையா?”

“கத்துதுதான். திமிரு.”

“எதுக்குக் கத்துது?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆடு அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து வெளியே போனது. சேற்றை முகர்ந்தது. கத்தியது. ஏதாவது சத்தம் திரும்பி வருகிறதா என்று காதை நிமிர்த்தி நின்றது. மறுபடி கத்தியது.

ஆவுடையப்பன் வாசல்வரை போய் அதைப் பார்த்தார்.

“தேடுது,” என்றார்.

“எதை?”

“குட்டியை.”

“குட்டி எங்க இருக்கு?”

அவர் தரையில் கிடந்த குட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அவசர அவசரமாகச் சொன்னார்: “ஒரு வழி இருக்கு, அம்மை. எங்கிட்ட அதே அத்தர் இருக்கு. ஆட்டு மூக்குல தடவிடுதேன். மடியிலயும் தடவிடுதேன். ரெண்டும் ஒரே வாசனை ஆயிடும். அப்புறம் அதுக்கு வித்தியாசம் தெரியாது.”

“குட்டியைக் கெடுத்தாச்சு. இனி தாயையும் கெடுக்கணுமா?”

“வேற என்னதான் செய்யச் சொல்லுதீங்க?” அவர் கத்தினார்.

“முதல்ல காதுல இருக்கிற பஞ்சை எடுங்க.”

அத்தரில் நனைத்த பஞ்சு. கடையைத் திறந்த நாளிலிருந்து அவர் காதில் இருப்பது. பிடுங்கி வெளியே மழையில் எறிந்தார்.

பேச்சிமுத்து ஆட்டைப் பிடித்துக் கட்டினான். அம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்து சீம்பாலைப் பீய்ச்சினாள். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. அதைப் பால் புகட்டுகிற பாலாடைச் சங்கில் எடுத்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள்.

“குடுங்க.”

“நானா?”

“குளிப்பாட்டினது யாரு?”

குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையை அதன் கடைவாயில் சாய்த்தார். பாதி உள்ளே போனது. பாதி அவர் வேட்டியில் வழிந்தது. மிச்சமிருந்த சீம்பாலை அம்மை குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசிவிட்டாள். அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் அன்னைக்கு அத்தரைப் போடச் சொன்னீங்க. எனக்குப் பாடம் சொல்ல இந்த வாயில்லா ஜீவனா கிடைச்சுது?”

“தெரியாது.”

“பொய்.”

“பிறந்த குட்டியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல, அண்ணாச்சி. உங்க சோப்பு எனக்குப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லியிருப்பேன்.”

“அப்போ பிடிச்சுதா?”

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் குட்டியின் பக்கம் குனிந்துகொண்டார்.

குட்டிக்கு விட்டு விட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தார். பீய்ச்சும்போதெல்லாம் ஆடு முரண்டு பிடித்தது. அவிழ்த்துவிட்டால் குட்டியிடம் வரும், முகரும், தலையைத் தாழ்த்தும். அவர் குட்டியை இழுத்துக்கொள்வார். கொம்பு அவர் முழங்காலில் இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் ஒரு வசவு விட்டார். ஆட்டை வைதார். பேச்சிமுத்துவை வைதார். மழையை வைதார். வைது முடித்ததும் வைவதற்கு வேறு ஆள் அகப்படவில்லை.

மறுநாள் காலையில் குட்டி அவர் மடியிலேயே கழிந்தது. மஞ்சளாக, பிசுபிசுவென்று. வேட்டி, விரல், வயிறு எங்கும்.

அவர் முகம் சுளித்தார். கை துண்டைத் தேடியது.

“தொட்டீங்க, கொன்னுடுவேன்,” என்றான் பேச்சிமுத்து.

“நாறுதுடா.”

“நாறட்டும். அது அவ பாலோட வாசனை.”

அவர் அசையாமல் இருந்தார்.

ஆடு வந்தது. குட்டியின் முகத்தை முகர்ந்தது. தலை தாழ்ந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இடி விழவில்லை.

ஆடு சுற்றி வந்து குட்டியின் வாலடியில் மூக்கை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நேற்றிலிருந்து கத்திய கத்தல் இல்லை இது. தணிந்த சத்தம்.

நாக்கை நீட்டி நக்கியது.

அவர் மெதுவாகக் குட்டியைத் தரையில் விட்டார். தள்ளாடிப் போனது. மடியைக் கண்டுபிடித்தது. முட்டி முட்டிக் குடித்தது. வால் துடித்தது.

பேச்சிமுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு குழை எடுக்கப் போனான்.

ஆவுடையப்பன் அழுக்கு வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அம்மை வாசலில் நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:

“இந்த ஆட்டுக்கு என் மேல கோவம் தீர்ந்திருக்குமா, அம்மை?”

“அது உங்களை நினைக்கவே இல்ல, அண்ணாச்சி,” என்றாள் அவள். “கொஞ்சம் தள்ளி உட்காருங்க. குட்டி அந்தப் பக்கத்துக் காம்புக்குப் போகணும். வழியில இருக்கீங்க.”