ஒட்டாத கரி

மரங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு சதுப்புக் காட்டில் நெட்டையன் என்றொருவன் இருந்தான். மரம்தான். பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் நின்றவனை மின்னல் பிடித்து, நின்ற வாக்கிலேயே கரியாக்கியதைக் கண்ணால் பார்த்தவன். அன்றிலிருந்து ஒரு வெளிச்சம் தெரிந்தாலே வேர் வரை நடுங்குவான். கரியானவனுக்குக் கரியன் என்றே பேர் நின்றுவிட்டது.

நெட்டையனின் உடம்புக்குள் குங்கிலி குடியிருந்தாள். பிசின். அவனுக்குத் தங்கச்சி முறை.

காடு சாய்ந்தது. சேறு மூடியது. சேற்றின் மேல் மணல், மணலின் மேல் பாறை. மூவரும் அடியில் மாட்டிக்கொண்டார்கள். மேலே பாரம். போதாததற்குக் கீழேயிருந்து சூடு.

"கரியண்ணே, சுடுதே!" என்று அலறினான் நெட்டையன்.

"சுடத்தான் செய்யும். பூமிக்குள்ளே பின்னே குளிருமா?"

"தீப் பிடிச்சிட்டா?"

"பிடிக்காது. எரிஞ்சவன் சொல்றேன். தீக்குக் காத்து வேணும். இங்கே ஏதுடா காத்து? பேசாமக் கிட."

கிடக்க முடிந்தால்தானே! சூடு ஏற ஏற நெட்டையனுக்கு நினைப்பும் ஏறியது. எரிந்தால் முதலில் எது பற்றும்? பிசின். அது எங்கே இருக்கிறது? தன் உடம்பில்.

"குங்கிலி, நீ போயிடு."

"எங்கேண்ணா போவேன்?"

"மேலே வெடிப்பு இருக்கு. ஆவியாப் போ."

"நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"நீ இருந்தா நான் எரிஞ்சிடுவேன்!"

கரியன் உறுமினான். "மடப்பயலே! அவ இருக்கிறதாலதான்டா நீ இளகுவே. நாலு பேரோட சேருவே. அவளைத் துரத்தினா விறைச்சுப் போவே."

"உனக்கென்ன? நீதான் ஏற்கெனவே எரிஞ்சு தொலைஞ்சவனாச்சே!"

 

பாரம் இன்னொரு முறை அழுத்தியது. நெட்டையனும் தன் பங்குக்கு உடம்பை இறுக்கினான். குங்கிலி பிதுங்கினாள். சொட்டுச் சொட்டாக, பிறகு ஆவியாக. வெடிப்புக்குள் நுழையும்போது "அண்ணா" என்றாள். அவன் இன்னும் இறுக்கினான்.

தீ வரவில்லை. இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்தான். வரவே இல்லை. காத்திருந்து காத்திருந்து உடம்பு கல்லானது. கண்ணாடி போல மினுங்கியது. பிறகொரு நாள் பாறை லேசாகப் புரண்டது. அவ்வளவுதான், நெட்டையன் துண்டு துண்டாகப் போனான். துண்டோடு துண்டை நெருக்கிப் பார்த்தான். ஒட்டவில்லை.

"கரியண்ணே, இதிலே எதுண்ணே நான்?"



பூமிக்குள் அதிகம் வெந்து முதிர்ந்த நிலக்கரியை ஆந்த்ரசைட் என்கிறார்கள். நெட்டையன் ஆனது அதுதான். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் கரியனின் பழைய மரத்துளைகள் இன்றும் அதில் தெரியும். குங்கிலி இருந்த இடம் தெரியாது. அன்று முதல்தான் அந்தக் கரி பற்றவே அடம்பிடிக்கிறது. பற்றினால் புகையில்லாமல், தணலாகத் தனியே எரிகிறது. இரும்பு உருக்க உதவும் 'கோக்' என்ற கற்கரி செய்யச் சூளையில் போட்டால், மற்றக் கரிகள் இளகி ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும்போது, அது மட்டும் துண்டு துண்டாகவே கிடக்கிறது.